குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை: டிடிஎஸ் பார்த்தால் போதுமா?

வியாசர்பாடியில் மூன்று நாளாகக் காலையில் முதல் நாலைந்து குடம் மஞ்சளாக, சாக்கடை வாடையோடு வருகிறது, ஆனால் மீட்டரில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 310 மில்லிகிராம்தான், 500 வரை சரி என்கிறார்களே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பதில் 1: வேண்டாம் அக்கா. டிடிஎஸ் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500படி 100 மில்லியில் ஈ.கோலை என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தண்ணீர் நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் குறையும், விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், உங்கள் தெருவிலும் அதுவாகத்தான் இருக்கும்.

பதில் 2: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் ஈயமும் நைட்ரேட்டும் போகாது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக்கூடக் கொடுக்காதீர்கள், லாரித் தண்ணீர் கேளுங்கள்.

சரி, இன்றைக்கே புகார் கொடுக்கிறேன். எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு.