பத்தாங் பெர்ஜுந்தை சிசி (சைபர் கஃபே), பழைய ஃபேன் ஃபிக், காணாமல் போன எழுத்துகள்

கித்தாமரம்:
பழைய ஃபேன் ஃபிக் (ரசிகர் எழுதின கதை) இருக்கிற 2002 ஃப்ளாப்பி. லேபிளில் பத்தாங் பெர்ஜுந்தை (மலேசிய ஊர், 2007-லேயே பெஸ்தாரி ஜெயா ஆயிடுச்சு), 'பாகம் 7/12'. மத்த பாகமெல்லாம் ஒழுங்கா திஸ்கி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீடு). 7 மட்டும் சீன எழுத்தும் கேள்விக்குறியும். கன்வெர்ட்டருக்குப் போட்டா அப்படியே திருப்பித் தருது. கதையில பாலத்துமேல யாரு நிக்கிறதுன்னே தெரியல. யாருக்காவது இது மாட்டியிருக்கா?

செம்பனை:
மாட்டியிருக்கு அண்ணே. சிசி மெஷின்ல சீன விண்டோஸ் இருந்திருக்கும். திஸ்கியில ஓர் எழுத்து அல்லது ஒரு குறி ஒரு பைட். எழுத்துரு இல்லாத மெஷின்ல ட கால் பின்னமா, ண அரையா, த முக்காலா தெரியும். அன்றைக்கு வாசிச்சவங்களுக்கு இது மனப்பாடம். சீன விண்டோஸ் அப்படி விடாது. இரண்டு பைட்டை ஜோடி சேர்த்து ஒரு சீன எழுத்தாக்கிடும். 'தமிழ்' 4 பைட், இரண்டு ஜோடி, தப்பிச்சிடும். 'கதை' 3 பைட். க, ஐகாரக் குறி, த என்ற வரிசை. கடைசி த பின்னால் வரும் இடைவெளியோடு ஜோடி சேரப் பார்த்து, முடியாமல் கேள்விக்குறியாகிடும்.

முதலில் ஃபைலை நகல் எடுங்க. எதையும் சேவ் பண்ணாதீங்க. ஹெக்ஸ் எடிட்டரில் முதல் 2 பைட்டைப் பாருங்க. 255, 254 (ஹெக்ஸில் FF FE) இருந்தா நோட்பேடில் யூனிகோடா சேவ் ஆனது. இல்லேன்னா பைட்டெல்லாம் பத்திரமா இருக்க வாய்ப்பு உண்டு, காட்டுறதுதான் தப்பு. யூனிகோடா இருந்தா எடிட்டரில் ஜிபிகே-வா (சீன விண்டோஸ் குறியீடு) சேவ் பண்ணி, அதையே விண்டோஸ் 1252-ஆக (ஆங்கில விண்டோஸ் குறியீடு) திறந்து, அப்புறம் திஸ்கி கன்வெர்ட்டர். வரிசை மாறினா குப்பைதான்.

ஒட்டுக்கடை:
சிசிக்காரர் மேல பழி போடாதீங்க லா. நோட்பேடில் யூனிகோட் சேவ் விண்டோஸ் என்டி, 2000, எக்ஸ்பி மாதிரி பதிப்புகள்ல உண்டு, 98-ல கிடையாது. யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய் பின்னாடி சேவ் பண்ணியிருப்பாங்க. அப்புறம், ஃபேன்ஃபிக்ஷன்.நெட் 2002 செப்டம்பரில் அழிச்சதோட இதைக் குழப்பாதீங்க, இந்த மாதிரி திரியில் யாராவது குழப்புவாங்க. அங்கே போனது என்சி-17 (வயது வந்தோருக்கு மட்டும்) கதைகள். நம்ம கதைகள் யாஹூ குழுக்களில் இருந்தது. 2019 டிசம்பரோட குழுவின் பழைய அஞ்சல்களும் போயிடுச்சு. ஜியோசிட்டிஸ் 2009 அக்டோபர் 26. அதன் பக்கம் வேபேக்கில் (பழைய வலைப்பக்கக் காப்பகம்) கிடைச்சா, முகவரியில் தேதி எண்ணுக்குப் பின்னால் 'ஐடி' என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில், அதோடு ஓர் அடிக்கோடு. அப்போ அவங்க பட்டை சேராமல் பழைய பக்கம் அப்படியே இறங்கும்.

கள்ளுமுட்டி:
இதை விடுங்க. அந்த ஃப்ளாப்பியை எத்தனை தடவை போட்டுப் பார்த்தீங்க? இந்த ஊர் ஈரத்துல 20 வருசம் கிடந்த ஃப்ளாப்பியில பூஞ்சை பிடிச்சிருக்கும். உலோக மூடியைத் தள்ளி, பின்பக்கச் சக்கரத்தை விரலால் மெல்லச் சுத்திப் பாருங்க. வெள்ளைப் புள்ளி, மங்கல் வளையம் தெரிஞ்சா டிரைவில் போடவே கூடாது. பூஞ்சை டிரைவோட ஹெட்டில் (வாசிக்கிற முனை) ஒட்டும், அடுத்துப் போடுற நல்ல ஃப்ளாப்பியையும் கீறிடும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் இரண்டு பக்கமும் துடைச்சு, முழுசாக் காய விடணும். வாசிக்கும்போது ஃபைல் ஃபைலா நகல் எடுக்காதீங்க. 1.44 எம்பி முழுசையும் ஒரே இமேஜா (வட்டின் அச்சு நகல் ஃபைல்) எடுத்து வச்சு, இமேஜில் வேலை பாருங்க. வாசிக்க முடியாத செக்டர் இருந்தா வேற டிரைவில் போடுங்க. எழுதின டிரைவோட ஹெட் சாய்ஞ்சிருந்தா எல்லா டிரைவும் வாசிக்காது. இமேஜ் எடுக்கிற வரைக்கும் ஃப்ளாப்பியோட எழுதவிடாமல் தடுக்கிற துளை திறந்தே இருக்கணும். இதைச் செய்யாம எழுத்துக் குறியீடு பத்திப் பேசுறதே வீண்.

கித்தாமரம்:
இமேஜ் எடுத்தாச்சு. 255, 254 இருந்தது. செம்பனை சொன்ன வரிசையில் முக்கால்வாசி வந்திடுச்சு. ஆனா 'அவன்', 'அவள்' இரண்டும் 3 பைட், இரண்டும் 'அவ?' ஆயிடுச்சு. 'வந்தான்', 'வந்தாள்' 5 பைட், அதுவும் போச்சு. கதையே யார் யாரோட சேருறாங்க என்கிறதுதான்!

செம்பனை:
இரட்டைப்படை வினையாத் தேடுங்க அண்ணே. 'போனான்' 6, 'சிரித்தாள்' 8. இரண்டும் தப்பும்.

கித்தாமரம்:
பாலத்துமேல 'சிரித்தாள்' இருக்கு.