ஹைட்ரஜன்-ஆல்ஃபா சூரியப் படங்களில் கோடு கோடாக விழுகிறது, வழி இருக்கிறதா?

வணக்கம். ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில், அதாவது ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் மட்டும், சூரியனைப் படம் எடுத்தால் வட்டம் முழுக்க கருப்பும் வெளுப்புமாக வளைந்த கோடுகள். நியூட்டன் வளையங்கள் (ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு உண்டாகும் கோடுகள்) என்றுதான் நினைக்கிறேன்.

கருவி 40 மி.மீ. தொலைநோக்கி, எஃப்/10 (குவியத் தொலைவு விட்டத்தைப் போல 10 மடங்கு), 656.28 நானோமீட்டர், 0.7 ஆங்ஸ்ட்ராம் அலைப்பட்டை. கேமரா கருப்பு-வெள்ளை, 2.4 மைக்ரான் பிக்சல். மதுரையில் மொட்டை மாடி. தளம் சூடேறுவதற்குள் காலையிலேயே எடுத்துவிடுவேன். பிப்ரவரியில் கேமரா மாற்றியதில் இருந்தே இப்படி.

கண்வில்லையில் பார்த்தால் சுத்தம். வேறு தொலைநோக்கியில் வெள்ளொளி வடிகட்டியோடு இதே கேமராவைப் போட்டாலும் கோடு இல்லை. குறுகிய அலைப்பட்டை ஒளி சென்சார் கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் குறுக்கிடுகிறது போல. முகப்பில் பிளாஸ்டிக் பை கட்டி ஃபிளாட் (கறைகளைக் கழிக்க எடுக்கும் சீரான வெளிச்சப் படம்) எடுத்தேன். கோடு மங்கியதே தவிர போகவில்லை. அப்புறம் 2 மடங்கு பார்லோ (பிம்பத்தைப் பெரிதாக்கும் வில்லை) போட்டுப் பார்த்தேன். அதில் இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது!

எனக்கு வேண்டியதே சூரிய வட்டில் தெரியும் கருமையான வாயு இழைகள்தான். எதிரெதிர் காந்தத் துருவப் பகுதிகளின் எல்லையில் அவை நாளுக்கு நாள் எப்படி நெளிகின்றன என்று தொடர்ந்து பதிய ஆசை. கோடு எது, இழை எது என்றே பிரிக்க முடியவில்லை.

கேமராவைச் சாய்க்கும் அடாப்டர் போடச் சொல்கிறார்கள். எஃப்/10-இல் ஓரங்களில் ஃபோகஸ் போகாமல், கோடு மறையும் அளவுக்குச் சாய்க்க முடியுமா?