எட்டு அங்குல உயரத்தில் ஒரு தொலைநோக்கி

குழு: அம்மா வழி உறவுகள்

மதுரை மாமா (இரவு 8.05): பூமி தட்டை என்று சொல்லும் காணொளியை நேற்று நான் அனுப்பியதைப் பார்த்துச் சிரிப்புப் படங்களை அனுப்பியவர்களுக்கு ஒரு கேள்வி. 1838-இல் இங்கிலாந்தின் ஓல்டு பெட்ஃபோர்டு ஆற்றில் இறங்கி, தண்ணீருக்கு எட்டு அங்குலம் மேலே தொலைநோக்கியைப் பிடித்த சாமுவேல் ரோபாதம், ஆறு மைல் தூரம் சென்ற படகின் கொடியைக் கடைசிவரை பார்த்ததாக எழுதியிருக்கிறார். பூமி உருண்டை என்றால் அந்தக் கொடி மறைந்திருக்க வேண்டாமா? கேலி வேண்டாம், கணக்குச் சொல்லுங்கள்.

தாத்தா (8.09): கேள்வி நியாயமானது. பதில் எழுதுபவர்கள் வழக்கம்போல் முழு வாக்கியங்களில் எழுதவும். இந்தக் குழுவில் அரைகுறைச் சொற்களுக்கு இடமில்லை.

நான் (8.21): மாமா, உங்கள் கணக்கில் தவறில்லை. ஒரு மைலுக்கு எட்டு அங்குலம், தூரம் கூடக்கூட அதன் வர்க்கத்துக்கு ஏற்பத் தாழ்வு பெருகும். கண் எட்டு அங்குல உயரத்தில் இருந்தால் தொடுவானம் ஒரு மைலில் முடிந்துவிடும். மிச்சம் ஐந்து மைலுக்கு 200 அங்குலம், அதாவது பதினாறரை அடிக்குச் சற்று மேல். ஐந்தடி உயரக் கொடியின் உச்சிகூடப் பார்வைக் கோட்டுக்குப் பதினோரு அடி கீழே போயிருக்க வேண்டும். ஆனால் அதே ஆற்றில் 1870-இல் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் ஒரு பந்தயத்துக்காகச் செய்ததையும் அந்தக் காணொளி சொல்லியிருக்க வேண்டும். பரிணாமக் கொள்கையால் பெயர் பெறுவதற்கு முன் அவர் நிலம் அளந்தவர். அவர் தண்ணீரிலிருந்து சுமார் பதின்மூன்று அடி உயரத்தில் தொலைநோக்கியை வைத்து, ஆறு மைலுக்கு அப்பால் அதே உயரத்தில் ஒரு குறியையும், நட்டநடுவே அதே உயரத்தில் ஒரு வட்டத் தகட்டையும் நிறுத்தினார். தரை தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். நடுத் தகடோ கோட்டுக்கு ஐந்தடிக்கு மேல் உயர்ந்து தெரிந்தது.

மதுரை மாமா (8.30): அந்தப் பந்தயத்தின் முடிவு எனக்கும் தெரியும், அம்மா. பூமி தட்டை என்று வாலஸோடு 500 பவுண்டு பந்தயம் கட்டிய ஜான் ஹாம்டனுக்கு நீதிமன்றம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லையா?

நான் (8.34): சொன்னது; பந்தயம் சட்டப்படி செல்லாது என்பதற்காகத்தான். அளவு தவறு என்று எந்த நீதிபதியும் தீர்ப்பெழுதவில்லை. நடுவராக இருந்த பத்திரிகை ஆசிரியர் வாலஸ் பக்கம்தான் முடிவு சொன்னார். ஹாம்டனோ வருடக்கணக்கில் அவரைத் தூற்றி எழுதி, அவதூறு வழக்கில் சிறைக்கும் போனார்.

மதுரை மாமா (8.37): சரி, ஒருவர் கண்டது ஒன்று, இன்னொருவர் கண்டது வேறொன்று. இரண்டும் ஒரே ஆறுதானே? மாப்பிள்ளை, நீங்கள் நில அளவையில் முப்பது வருடம் இருந்தவர், நீங்களே சொல்லுங்கள்.

சித்தப்பா (8.52): மச்சான், ஆறு ஒன்றுதான், காற்று ஒன்றல்ல. தண்ணீரை ஒட்டிய குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று படிந்தால் ஒளிக்கதிர் கீழ்நோக்கி வளையும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.11 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் போதும், கதிரின் வளைவு பூமியின் வளைவுக்குச் சமமாகி, தரை தட்டையாகவே தெரியும். எட்டு அங்குலம் என்பது அந்த ஏமாற்று அடுக்குக்கு நடுவே கண்ணை வைப்பது. வாலஸ் அதைவிட்டு மேலே ஏறினார், அவ்வளவுதான். நாங்கள் லெவல் போடும்போதுகூட, அதாவது தரையின் ஏற்றத்தாழ்வை அளக்கும்போதுகூட, ஒரு கிலோமீட்டருக்கு வளைவு 7.85 சென்டிமீட்டர் என்றும், ஒளி வளைவைக் கழித்தால் 6.73 என்றும் வைத்துக்கொள்வோம். பின்பக்க ஸ்டாஃபும் (அளவுக்கோல்) முன்பக்க ஸ்டாஃபும் கருவியிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேரும் பையன்களை நான் திட்டியதெல்லாம், இரண்டு பக்கத்துப் பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகட்டும் என்றுதான்.

மதுரை மாமா (9.01): இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. வளைவு தெரிந்தால் பூமி உருண்டை, தெரியாவிட்டால் ஒளி வளைந்துவிட்டது என்கிறீர்கள். இப்படி வாதாடினால் நீங்கள் எப்போதும் தோற்கவே முடியாதே.

தாத்தா (9.04): மாப்பிள்ளை, இதற்கு நேரான பதில் வேண்டும்.

சித்தப்பா (9.26): மாமா, மச்சான் நல்ல அடிதான் கொடுத்திருக்கிறார். பதில் இதுதான்: ஒளி பெரும்பாலும் மேல்-கீழாகத்தான் வளையும், பக்கவாட்டில் வளைவது மிகமிகக் குறைவு. எனவே படுக்கைக் கோணங்களை மட்டும் அளந்தால் மச்சான் சொல்லும் சாக்கு செல்லாது. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையை ஒட்டி அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பிற்பாடு இந்தியா முழுவதும் பரந்த முக்கோண அளவையின் முதல் கோடு அது. கோணம் அளக்கும் கருவியான அரை டன் எடையுள்ள தியோடலைட்டை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமானது வேறு கதை. பக்கம் 50 கிலோமீட்டர் உள்ள சமபக்க முக்கோணம் தட்டையான தரையில் இருந்தால் மூன்று கோணங்களும் சரியாக 180 பாகை. உருண்டையில் அது ஏறக்குறைய 5.5 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) கூடும், ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை என்ற கணக்கில். அளவையாளர்கள் அந்தக் கூடுதலைக் கழித்த பிறகே முக்கோணத்துக்குக் கணக்குப் போடுவார்கள்.

லே அக்கா (9.33): இவ்வளவு எதற்கு? பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் இரண்டு ஊர்களின் நிழலை வைத்தே பூமியை அளந்துவிட்டாரே.

மதுரை மாமா (9.35): அது தட்டைப் பூமிக்கும் பொருந்தும், அம்மா. சூரியன் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்தால் இரண்டு நிழல்களும் வந்துவிடும்.

நான் (9.41): மாமா சொல்வது உண்மை, அக்கா. இரண்டு ஊர்கள் போதாது. மூன்றாவது ஊர் வந்தால்தான் சிக்கல். மார்ச் 20-ஐ ஒட்டி உச்சிப்பொழுதில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும்; அங்கே உள்ள ஓர் ஊரில் நிழலே இராது, அதுதான் முதல் ஊர். அன்று ஒரு மீட்டர் குச்சியின் நிழல் மதுரையில் சுமார் 17.5 சென்டிமீட்டர், லடாக்கின் லேயில் சுமார் 68. தரை தட்டை என்று வைத்து, பூமத்திய ரேகையிலிருந்து ஊர் உள்ள தூரத்தையும் நிழலையும் கொண்டு கணக்கிட்டால், மதுரைக் கணக்கில் சூரியன் 6,300 கிலோமீட்டர் உயரத்திலும், லேக் கணக்கில் 5,600 கிலோமீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும்.

மதுரை மாமா (9.55): ஒரே சூரியன் இரண்டு உயரத்தில் இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த எண்கள் உன்னுடையவை. மார்ச் மாதம் நானே குச்சி நட்டுப் பார்ப்பேன். லேயில் அக்காவும் நட வேண்டும்.

சித்தப்பா (9.58): தாராளமாக நடுங்கள், மச்சான். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி என்று பார்க்காதீர்கள். நிழல் மிகக் குட்டையாகும் கணம்தான் உச்சிப்பொழுது. குச்சியைத் தூக்குநூல் பிடித்து நேராக நட வேண்டும்.

மதுரை மாமா (10.02): உங்கள் பழைய தூக்குநூலை அனுப்பி வையுங்கள், மாப்பிள்ளை.