குட்டி நிகோலா இரண்டாம் பாகம்: தமிழ் சப்டைட்டில் இருக்கிறதா?

நண்பர்களே, ஓர் உதவி. 2009-இல் வந்த பிரெஞ்சுப் படம் 'லெ பெத்தி நிகோலா'வைப் பார்த்து என் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது 2014-இல் வந்த இரண்டாம் பாகத்தைக் கேட்கிறான். நான் முதலில் தனியாகப் பார்த்துவிட்டேன். கடற்கரை விடுமுறையில் இசபெல் என்ற சிறுமி நிகோலாவையே உருண்டைக் கண்ணால் கண்கொட்டாமல் பார்க்கிறாள். பெரியவர்கள் இவளைத் தனக்குக் கட்டிவைத்துவிடுவார்களோ என்று பயந்து அவன் செய்யும் சேட்டைகள் இருக்கிறதே, அடடா! அவன் மனசில் இருப்பதோ மரி எத்விஜ் என்ற வேறொரு சிறுமி.

என்னிடம் இருப்பது ஆங்கில சப்டைட்டில் மட்டும். ஏழு வயதுப் பையன், எழுத்துக்கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. தமிழில் யாராவது செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நானே மொழிபெயர்க்கிறேன். பிரெஞ்சு தெரிந்த ஒருவர் சரிபார்த்துத் தருவீர்களா?