செம்புக் கைப்பிடிகள் கழன்று விழுகின்றன, சுற்றிலும் வெள்ளைப் படலம்: 1/35 டி-55 டாங்கிக்கு உதவி தேவை

கல்மண்டபத்தான்:

வணக்கம். ராயபுரத்தில் இருந்து எழுதுகிறேன். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரிக் கிட்டில், 1/35 அளவில் டி-55 டாங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். டரட்டின் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதி) இரு பக்கங்களிலும் வீரர்கள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிக் கம்பிகள் உண்டல்லவா? கிட்டில் அவை தடித்தடியாக, பிளாஸ்டிக்கோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. செதுக்கி எடுத்துவிட்டு, மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கிய செம்புக் கம்பியை வளைத்து, சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். முன்விளக்குக் காப்புக் கூண்டும் அதே கம்பிதான்.

சிக்கல்கள் இவை. கைப்பிடிகள் விரல் பட்டாலே கழன்று விழுகின்றன. ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாக மாவு படிந்ததுபோல் ஒரு படலம். டரட்டின் உச்சியில் அந்த வெள்ளைக்குள் என் கட்டைவிரல் ரேகையே வரிவரியாகத் தெரிகிறது! கம்பியின் மேல் அடித்த பச்சை வண்ணமும் நகம் பட்டால் உரிந்து வருகிறது. கடற்காற்றும் புழுதியும் படக்கூடாது என்று ஒட்டிய கையோடு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். பசைதான் போலியா?

இன்னொரு சந்தேகம். கிட்டில் பீரங்கிக் குழலின் வீக்கம் நுனியில் இருக்கிறது. நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கும் ஒரு டி-55இன் புகைப்படத்தில் அது குழலின் நடுவில் இருக்கிறது. எதை நம்புவது?

மண்ணடி மைக்ரோமீட்டர்:

பசையைத் திட்டாதீர்கள். அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, நீங்கள் கொடுத்த இடத்தில்.

அந்த வெள்ளைப் படலம் பசையின் ஆவி. சூப்பர் குளூ இறுகும்போது கொஞ்சம் ஆவியாகிக் கிளம்பும். காற்றில் ஈரம் இருந்தால் பக்கத்தில் இருக்கும் பரப்பின் மேல் அப்படியே வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும். கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. நீங்களோ அந்த ஆவியை வெளியே போகவிடாமல் பெட்டியில் வைத்து மூடியும் விட்டீர்கள். கைரேகை தெரிவதில் வியப்பே இல்லை. தடயவியல் துறையினர் பொருள்களில் மறைந்திருக்கும் ரேகையை எடுப்பதே இப்படித்தான்: மூடிய பெட்டி, ஈரம், சூப்பர் குளூ ஆவி. விரலின் எண்ணெயும் வியர்வையும் இருக்கும் இடத்தில் அது முதலில் படியும். உங்கள் வீட்டில் ஒரு சின்ன தடய ஆய்வகம் ஓடிக்கொண்டிருக்கிறது!

ஆகவே ஒட்டியதும் திறந்த இடத்தில், மின்விசிறிக் காற்று மெல்லப் படும்படி வையுங்கள். பெட்டியெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பசையைக் குப்பியிலிருந்து நேராகச் சொட்டவிடாதீர்கள். ஒரு தகட்டில் துளி வைத்து, ஊசி முனையில் தொட்டு எடுங்கள். பசை குறைந்தால் ஆவியும் குறையும்.

இனி கழன்று விழும் கதை. நீங்கள் கம்பியின் நுனியை வழவழப்பான பிளாஸ்டிக்கின் மேல் வெறுமனே நிறுத்தி ஒட்டியிருக்கிறீர்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு வட்டம், அதற்குள் எத்தனை பசை பிடிக்கும்? சூப்பர் குளூ நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் தட்டினால் படக்கென்று விட்டுவிடும். கைப்பிடிக்குக் கிடைப்பதெல்லாம் பக்கவாட்டுத் தட்டுதான். கம்பியைப் பிளாஸ்டிக்குக்குள் இறக்குங்கள். கம்பியின் தடிமனுக்கே துளை போட்டு, இரண்டு கால்களையும் நுழைத்து, டரட்டின் உள்பக்கத்தில் லேசாக மடக்கிவிட்டு, பசையை உள்ளேயிருந்து தொடுங்கள். பிடிப்பது துளை, பசை வெறும் காவல். வெளியே பசையே தெரியாது, படலமும் வராது.

துளைக்கு, கையால் திருகும் பின் வைஸும் சர்க்யூட் போர்டு துளைக்கும் 0.5 மி.மீ. பிட்டும் போதும். மண்ணடிப் பக்கம் டூல்ஸ் கடைகளில் கேளுங்கள். முதலில் ஊசியால் ஒரு குழி குத்திவிட்டுத் துளைத்தால் பிட் வழுக்காது. அழுத்தாதீர்கள், பிட் சட்டென்று உடையும். ஊசியைச் சுடவைத்துக் குத்தும் குறுக்குவழி வேண்டாம். துளையைச் சுற்றி பிளாஸ்டிக் உதடுபோல் மேலெழும்பிவிடும்.

உங்கள் கம்பி என்ன கேஜ்?

கல்மண்டபத்தான்:

மிக்க நன்றி அண்ணா. கடைக்காரர் 22 என்றார். ஆமாம், டரட்டின் உட்புறம் இன்னும் திறந்துதான் இருக்கிறது, நல்லவேளை.

மண்ணடி மைக்ரோமீட்டர்:

22 என்றால் 0.71 மி.மீ. முப்பத்தைந்தால் பெருக்கிப் பாருங்கள்: 25 மி.மீ. தடிமனில் கைப்பிடி! அது தண்ணீர்க் குழாய். 26 கேஜ் வாங்குங்கள், 0.457 மி.மீ., நிஜத்தில் 16 மி.மீ. கம்பிக்குச் சமம். எதைச் செய்யும் முன்பும் இந்தப் பெருக்கலைப் போட்டுவிடுங்கள். கையால் செய்த டாங்கிகள் பொம்மைபோல் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் தடிமன்தான்.

பெரம்பூர் சுருள்கம்பி:

வண்ணம் உரிவதற்கு நான் பதில் சொல்கிறேன், வைண்டிங் என் தொழில். மோட்டார் கம்பி வெறும் செம்பு அல்ல தம்பி. மேலே மெல்லிய இன்சுலேஷன் வார்னிஷ் பூச்சு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, சற்றுச் செந்நிறமாகப் பளபளக்கும், அவ்வளவுதான். வண்ணமும் பசையும் அந்தப் பூச்சைப் பிடிக்கின்றனவே தவிர செம்பைப் பிடிப்பதில்லை. நுண்ணிய உப்புத்தாளை மடித்து, கம்பியை நடுவில் வைத்து இழுங்கள். நிறம் மாறிச் சுத்தச் செம்பு தெரியும்வரை இழுக்க வேண்டும்.

அடுப்பில் காட்டியும் எரிக்கலாம். ஆனால் புகை நல்லதல்ல, மாடியில் வைத்துச் செய்யுங்கள். எரித்தால் கம்பி மெத்தென்று ஆகிவிடும். இழுவைக் கயிறு முறுக்க அது நல்லது, கைப்பிடிக்கு ஆகாது. கைப்பிடிக் கம்பியின் ஒரு முனையை வைஸில் கவ்வி, மறுமுனையை குறட்டால் பிடித்து, சற்று நீளும்வரை இழுத்துவிடுங்கள். அம்புபோல் நேராகும், விறைப்பும் ஏறும்.

எரித்த கம்பியில் கறுப்பு படிந்தால் புளித்தண்ணீரில் போடுங்கள். அதன்பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசித் துடைத்துவிடுங்கள். புளிப்பு மிச்சமிருந்தால் பச்சைக்களிம்பு பிடித்து வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உலோகத்துக்கான பிரைமர் ஒரு கை அடித்துவிட்டுத்தான் பச்சை.

வியாசர்பாடி வேகன்:

இவ்வளவு பாடு எதற்கு? ரசாயன அரிப்பில் வெட்டிய பித்தளைத் தகட்டு செட்டுகள் கிடைக்கின்றனவே, வாங்கி ஒட்டிவிட்டுப் போகலாம்.

மண்ணடி மைக்ரோமீட்டர்:

வலைக்கம்பி, கொக்கி, வார் மாட்டும் வளையம் எல்லாவற்றுக்கும் அது சரிதான். ஆனால் தகட்டில் வெட்டிய கைப்பிடி தட்டையாகத்தான் இருக்கும். உருண்டையான பொருளுக்கு உருண்டையான கம்பியே வேண்டும். செலவு பேச்சை விடுங்கள், உருவமே சரிவராது.

துறைமுக வெல்டர்:

டாங்கி எனக்குத் தெரியாது, வெல்டிங் தெரியும். கப்பல் பழுது வேலையில் கை காய்த்தவன். என் மகன் இந்தக் கிட்டுகளைக் கட்டுகிறான், அவன் வழியாக இங்கே வந்தேன். இந்த மாதிரி டாங்கிகளில் பலர் செய்யும் வெல்டிங் வரியைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. முதல் அங்குலத்திலிருந்து கடைசி வரை ஒரே அலை. கையால் வெல்டிங் ராடு பிடித்துச் செய்யும் வேலையில் ஒரு ராடு தீர்ந்து அடுத்தது தொடங்கும் இடம் தெரியும். அங்கே ஒரு சின்னக் குழி, அதன்மேல் ஏறிய ஒரு மேடு. மூலையில் வளையும்போது கை தயங்கும், வரி கொஞ்சம் கொழுக்கும். நீளமான நேர்மூட்டுகளை இயந்திரம் செய்திருந்தால் வரி வழவழப்பாக இருக்கும். சோவியத்தில் ஈவ்ஜெனி பாட்டனின் தானியங்கி வெல்டிங் முறையை இரண்டாம் உலகப் போரின்போதே டி-34 தயாரிப்பில் புகுத்திவிட்டார்கள் என்று மகன் சொன்னான். ஆகவே படத்தைப் பார்த்து எது கை, எது இயந்திரம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கல்மண்டபத்தான்:

ஐயா, அருமை. வெல்டிங் வரியை எப்படிச் செய்வது என்பதுதான் அடுத்து கேட்க நினைத்தேன். அதோடு, உடல் முழுவதும் சொரசொரப்பாகப் புட்டி பூசலாமா? வார்ப்பிரும்பு போலத் தெரியும் என்று எங்கோ படித்தேன்.

பழைய வண்ணை தூரிகை:

உடல் முழுவதும் பூசிவிடாதீர்கள்! டி-55இல் டரட்தான் வார்ப்பு எஃகு. அதன் மேற்கூரைகூடத் தகடு வைத்து வெல்டிங் செய்தது. கீழே உடல் உருட்டிய தகடுகளால் ஆனது, வழவழப்பாகத்தான் இருக்கும். டரட்டின் வளைவுக்கு மட்டும் புட்டியைத் திரவப் பசையில் (பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டும் கிட் பசை) கரைத்துத் தடவி, அது இளகியிருக்கும்போதே பழைய பல்துலக்கியின் நுனியால் குத்திவிடுங்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக ஒரு வருடல். சொரசொரப்பு பளிச்சென்று தெரிந்தால் அது அளவு மீறியது. விரலால் தடவினால் உணர வேண்டும், தூரத்திலிருந்து கண் அதைத் தேடக்கூடாது.

வெல்டிங்குக்கு ஸ்ப்ரூ போதும். பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் சட்டக்குச்சியை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே சுழற்றுங்கள். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும் நேரத்தில் சுடரிலிருந்து எடுத்து இரு கைகளாலும் இழுத்தால் முடிபோன்ற இழை வரும். மெதுவாக இழுத்தால் தடிப்பு, வேகமாக இழுத்தால் மெலிவு. அதை மூட்டில் கிடத்தித் திரவப் பசையைத் தூரிகையால் ஓடவிடுங்கள். சில நிமிடங்களில் இழை மெழுகாக இளகும். அப்போது மழுங்கிய கத்தி விளிம்பால் சாய்வாக அழுத்தி அழுத்தி அலை போடுங்கள். வெல்டர் ஐயா சொன்ன ராடு மாற்றும் குழியை அங்கங்கே வையுங்கள்.

கூடுதல் பிளாஸ்டிக் வேண்டுமென்றால் பழைய சிடி உறை நல்ல பாலிஸ்டைரின். பயன்படுத்திவிட்டு எறியும் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்றிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 5 என்றால் அது பாலிபுரொப்பிலீன், கிட் பசை அதைத் தொடவே தொடாது.

பின்பக்க மரக்கட்டையை மறக்காதீர்கள். சேற்றில் சிக்கினால் சங்கிலித் தடத்தோடு சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஏறி வெளியே வருவதற்காக டாங்கியே சுமந்து திரியும் கட்டை அது. நிஜ டாங்கியின் அகலம் 3.27 மீட்டர், உங்கள் அளவில் 93 மி.மீ. கட்டை அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். காய்ந்த துளசித் தண்டு இதற்கு அருமையாக அமைகிறது, பட்டையின் கோடுகள் அவ்வளவு நுண்மை. வேறு மரக்குச்சிகளின் பட்டை இந்த அளவுக்கு முரடாகத் தெரியும். கட்டும் வாருக்கு மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளை நீளவாட்டில் கீறிக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் சுருள்கம்பி:

குழல் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே.

மண்ணடி மைக்ரோமீட்டர்:

சொல்லிவிடுகிறேன். இரண்டுமே சரி. சுட்ட பிறகு குழலுக்குள் மிஞ்சும் புகை டரட்டுக்குள் திரும்பாமல் முன்பக்கமாக வெளியேற்றும் அமைப்புதான் அந்த வீக்கம். டி-55இன் சொந்த 100 மி.மீ. குழலில் அது நுனிக்கு அருகில் இருக்கும். இந்தியா தன் டி-55களில் பிற்காலத்தில் 105 மி.மீ. குழல் பொருத்தியது, அதில் வீக்கம் நடுப்பகுதியில். நீங்கள் பார்த்தது அந்த மாற்றம் பெற்ற வண்டியாகத்தான் இருக்க வேண்டும். 1971 போர்க்கால வண்டி கட்டுவதாக இருந்தால் கிட்டில் உள்ளபடியே விட்டுவிடுங்கள். நினைவுச் சின்னத்தைக் கட்டுவதாக இருந்தால் குழலையே மாற்ற வேண்டும். வீக்கத்தை மட்டும் நடுவுக்கு நகர்த்தினால் ஏமாற்று வேலை.

கல்மண்டபத்தான்:

1971தான். என் மாமா இது ஆவடியில் செய்த வண்டி என்று அடித்துச் சொல்கிறார், அதையும் தீர்த்துவிடுங்கள்.

மண்ணடி மைக்ரோமீட்டர்:

மாமாவின் ஊர்ப்பாசம் வாழ்க. டி-55 சோவியத்திலிருந்து வாங்கியது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் உருவானது விஜயந்தா. முதல் வண்டி 1965இல் வெளிவந்தது. டி-72, அர்ஜுன், டி-90 எல்லாம் அதன்பின் வந்தவை.

கல்மண்டபத்தான்:

26 கேஜ் வாங்கி, பூச்சை உரித்து, துளை போட்டு உள்ளே மடக்கிவிட்டேன். டரட்டைக் கைப்பிடியைப் பிடித்தே தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. பழைய வெள்ளைப் படலத்தை என்ன செய்வது? ஃபெண்டரில் (சங்கிலித் தடத்துக்கு மேலுள்ள தகட்டில்) இருக்கும் எரிபொருள் தொட்டிகளை இணைக்கும் குழாய்களுக்கும் இதே கம்பி ஆகுமா? வளைத்தால் துள்ளி நிமிர்கிறது.

பழைய வண்ணை தூரிகை:

படலத்தைப் பஞ்சில் துளி எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் எண்ணெயை முழுவதும் கழுவிவிடுங்கள், இல்லையேல் பிரைமர் பிடிக்காது. அப்படியும் மிச்சம் இருந்தால் நுண்ணிய உப்புத்தாள். மேலே வண்ணம் வரத்தானே போகிறது.

பெரம்பூர் சுருள்கம்பி:

குழாய்களுக்குச் செம்பு வேண்டாம் தம்பி. பற்றவைக்கும் ஈயக் கம்பியில் மெல்லியதாக வாங்குங்கள். விரலால் வளைத்த இடத்திலேயே நிற்கும், துள்ளாது. குழாயைத் தாங்கும் கவ்விகளுக்கு அதே அலுமினியத் தாள் போதும். ஒன்று மட்டும்: அது ஈயம். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடைத் தட்டின் பக்கம் போகாதீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வெட்டிய துணுக்குகளைத் தரையில் விடாதீர்கள்.