புதுப்பிப்பு: ஜிபிஎஸ்–பில்லிங் இணைப்பில் டிரிப் தேதி மாறியது சரியாகிவிட்டது

எங்கள் 14 லாரிகளின் ஜிபிஎஸ் மென்பொருளை பில்லிங்கோடு ஏபிஐ (மென்பொருள்களுக்கு இடையே தகவல் பரிமாறும் இணைப்பு) வழியாக இணைத்ததும் சில டிரிப்புகள் முந்தைய நாள் தேதியில் பதிவாவதாகவும், சில வரவே இல்லை என்றும் போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

‘நேரம் யுடிசியில் வருகிறதா பாருங்கள்’ என்ற யோசனைதான் பலித்தது. யுடிசி என்பது உலகப் பொது நேரம்; நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. அதிகாலை 5.30-க்கு முன் கிளம்பிய வண்டிகள் மட்டுமே முந்தைய நாளில் விழுந்திருக்கின்றன. பில்லிங் பக்கம் 5 மணி 30 நிமிடம் கூட்டியதும் சரியானது. சர்வரை மாற்றும் செலவு மிச்சம்!

வராத டிரிப்புகள் வேறு கதை. ஜிபிஎஸ்ஸில் சில வண்டி எண்களை நாங்களே இடைவெளி விட்டு அடித்திருந்தோம். இ-வே பில்லில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) இடைவெளி கிடையாது. அதனால் இரண்டையும் ஒப்பிடும்போது பில்லிங் வேறு வேறு வண்டியாக எடுத்துக்கொண்டது. இப்போது ஒப்பிடும் முன் இடைவெளி, கோடு எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறோம்.

எதிர்பாராத ஒன்று: வண்டி வழியில் பழுதாகி, சரக்கை வேறு லாரிக்கு மாற்றி, இ-வே பில்லின் பகுதி பி-யில் (வண்டி விவரம் வரும் பகுதி) புது எண்ணைப் போட்டாலும் பில்லிங்கில் பழைய எண்ணே நிற்கிறது. அதை இன்னும் கையால்தான் திருத்துகிறோம். மாதத்துக்கு இரண்டு மூன்றுதான், இருக்கட்டும்.