'எண்டர்ஸ் கேம்' கடைசி அத்தியாயம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். ஆர்சன் ஸ்காட் கார்ட் 1985இல் எழுதிய 'எண்டர்ஸ் கேம்' என்ற அறிவியல் புனைகதை நாவல் கோவை உக்கடத்தில் பழைய புத்தக விலைக்குக் கிடைத்தது. எடையில்லாத அறையில், எதிரியின் வாசல்தான் கீழ்ப்பக்கம் என்று வைத்துக்கொண்டு, காலை மடக்கிக் கேடயமாக்கிப் பாயச் சொல்கிறானே அந்தப் பொடியன் எண்டர், அந்த இடத்தை நாலு தடவை படித்தேன். மடை திருப்பப் போனவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன், வாழைக்கு ஒரே வெள்ளம்.

ஆனால் கடைசி அத்தியாயத்தைக் கரையான் அரித்துவிட்டது. ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் யாரிடமாவது பிரதி இருந்தால் ஒரு வாரம் இரவல் தருவீங்களா? நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், அடுத்து 1986இல் வந்த 'ஸ்பீக்கர் ஃபார் தி டெட்' படிப்பதா, இதே கதையை எண்டரின் கூட்டாளி பீன் பார்வையில் சொல்லும் 'எண்டர்ஸ் ஷேடோ'வா? முடிவை மட்டும் இங்கே சொல்லிவிடாதீங்க.